கறுப்பு மாறாத வட்டம்

"இதுதான் ஏழாவது வளைவு. நிப்பாட்டும்," என்றார் ஏரம்பமூர்த்தி ஐயா.

நான் பிரேக்கை மிதித்தேன். எங்கள் பேபி ஆஸ்டின் கார் இரண்டு தும்மல் போட்டுவிட்டு நின்றது. வளைவுகளை நான் எண்ணிக்கொண்டே வந்தேன். கணக்குச் சரியாக ஏழுதான். ஐயாவோ ஆயர் ஈத்தாமில் மூடிய கண்ணை இப்போதுதான் திறக்கிறார். தூங்கிக்கொண்டே வளைவு எண்ணும் வித்தை எப்போது படித்தீர்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. பின் சீட்டில் கருப்பாயி அக்கா இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

இன்னொன்றும் கேட்க ஆசைதான். காலையில் மூவாரில் வண்டி ஏறியதிலிருந்து ஐயா மடியில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. இடியப்பம் என்று நம்பித்தான் நான் பசியாறாமல் வந்தேன். நாற்பது மைலாகியும் அவர் அதைப் பிரிக்கிற வழியாக இல்லை.

ஐயா இருபது வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்துவிட்டு, அது அலுத்துப்போய்த் துப்பறிய வந்தவர். நான் கனகராஜ், அவருக்கு டிரைவர், உதவியாள். அவர் கோபப்படுவதற்கும் நான்தான் ஆள். கையில் ஒன்றுமில்லாமல் வரும் கட்சிக்காரர்களிடம் அவர், "யோசிப்பம்," என்பார். அப்படிச் சொன்னால் கதவைச் சாத்திவிட்டார் என்று அர்த்தம். நேற்று கருப்பாயி அக்காவும் வெறுங்கையோடுதான் வந்தார். ஆனால் அவர் புக்கிட் செம்பாக்கா தோட்டம் என்று சொன்ன உடனேயே ஐயா பேனாவை மூடி வைத்து, "நாளைக்குக் காலமை வாறம்," என்றார். எனக்கு அப்போதே ஆச்சரியம்.

வழக்கு இதுதான். பத்து நாளைக்கு முன், ரப்பர் பால் வெட்டும் பெண்களை ஏற்றி வந்த லாரி இந்த வளைவில் பின்சக்கரம் இறங்கிப் பள்ளத்தில் உருண்டது. அங்கம்மா என்ற பெண் அங்கேயே செத்துப்போனார். தோட்டத்துக்குச் சொந்தமான இந்த நாலு மைல் தார் ரோட்டை நாலு வருஷத்துக்கு முன் போட்டவர் கருப்பாயி அக்காவின் புருஷன் அர்ச்சுனன். தோட்டத்தின் தார்க் கங்காணி. தாரைத் திருடி விற்றுவிட்டு, மிச்சத் தாரில் மண்ணெண்ணெய் கலந்து ஒப்பேற்றினார், அதனால்தான் ரோடு உளுத்துப்போனது என்று அவர்மேல் புகார். மாலை நாலு மணிக்குப் போலீஸ் வண்டி வருகிறது. முதலில் ஜெயில், பிறகு இந்தியாவுக்குக் கப்பல்.

"நான் இங்கயே பொறந்தவ தம்பி," என்றார் அக்கா, வண்டியை விட்டு இறங்கும்போது. "அவரக் கப்பல்ல ஏத்திட்டா நான் எந்த ஊருக்குன்னு போவேன்? எங்க ரெண்டு புள்ளைங்களுக்கும் இந்த லயத்து வீட்ட விட்டா வேற எடம் தெரியாது."

நான் வண்டிக் கதவை அவருக்காகப் பிடித்துக்கொண்டேன்.

வளைவில் கூட்டமாக இருந்தது. ஸ்டீம் ரோலர் புகை விட்டுக்கொண்டு நின்றது. ஓரமாகத் தார்க் கொப்பரை கொதித்தது. அதைக் கிளறிக்கொண்டிருந்தவர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் அர்ச்சுனன்தான். தார்த் திருடன் என்று பிடித்து வைத்த ஆளையே தார் காய்ச்ச விட்டிருந்தார்கள். சரியான பதம் அவருக்கு மட்டும்தான் தெரியுமாம். பக்கத்தில் ஒரு காவல்காரன் குந்தியிருந்தான். அர்ச்சுனன் ஐயாவைப் பார்த்ததும் கை கூப்பினார். பிறகு குனிந்த தலையை அவர் நிமிர்த்தவே இல்லை.

தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜரான பெரிய தொரை தன் காரின் மூக்கில் ஒரு காகிதத்தை விரித்து வைத்திருந்தார். அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றவர் சோமசேகரம், தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி. இருவருமே போன வருஷம் இந்தத் தோட்டத்துக்கு வந்தவர்கள். புகாரை எழுதியது சோமசேகரத்தின் பேனா.

காகிதத்தில் ரோட்டைச் சரி செய்ய மூன்று வழிகள் எழுதியிருந்தன. கிழிந்த கால்சட்டைக்கும் அதே மூன்று வழிதான். குழி விழுந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போடலாம். முழு நீளத்துக்கும் மெல்லிசாக மேல்தார் பூசிச் சல்லி தூவலாம். இல்லையென்றால் எல்லாவற்றையும் கொத்தி எறிந்துவிட்டு அடிக்கல்லிலிருந்து புதிதாகப் போடலாம். தொரை இரண்டாவதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்.

அவர் ஐயாவிடம் பேசியது இங்கிலீஷில். எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன்.

"ரப்பர் விலை கிடக்கிற கிடையில் மூன்றாவதைக் கேட்டால் சிங்கப்பூர்த் தலைமை ஆபீசில் சிரிப்பார்கள். இன்றைக்கே மேல்தார்."

"மேலாலை பூசிவிட்டால் கீழே என்ன நடந்தது எண்டு பிறகு ஒருத்தரும் பாக்கேலாது," என்று ஐயா சோமசேகரத்திடம் தமிழில் முணுமுணுத்தார். பிறகு தொரையிடம் ஒரு மணி நேரம் கேட்டார்.

தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரம். நிமிஷம் கூடினாலும் ரோலர் புறப்படும்."

ஐயா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடு ரோட்டில் உட்கார்ந்தார். லாரிச் சக்கரம் இறங்கிய குழி அங்கேதான். அதைச் சுற்றி மாட்டுவண்டிச் சக்கரம் அகலத்துக்கு வட்டமாக ரோடு தாழ்ந்து, உடும்புத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருந்தது.

"கனகராஜ், ஒரு கொப்பரைத் தார் எவ்வளவு தூரத்துக்குக் காணும்?"

"முப்பது அடி எடுத்து வெக்கிற தூரம் வரும்ங்க."

"அதிலை மண்ணெண்ணெய் கலந்தால்?"

"முப்பது அடியும் கெடும்." சொல்லும்போதே எனக்கு உறைத்தது. "ஆனா இந்த வட்டத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் ரோடு கெட்டியா இருக்கே! ஒரே அண்டாப் பாயசம் ஒரு இலையில மட்டும் கசக்குமா?"

"கசக்காது. அப்ப தாரிலை பிழையில்லை. திருட்டும் இல்லை." ஐயா விரலால் ரோட்டைத் தடவினார். "இப்ப நிறத்தைப் பாரும்."

பார்த்தேன். ரோடு முழுக்க லாரிச் சக்கரங்கள் ஓடி ஓடித் தார் தேய்ந்து, சல்லி வெளுத்து, இரண்டு வெள்ளைக் கோடு போட்ட மாதிரி இருந்தது. அந்தக் கோடுகள் வளைவு வரை ஒழுங்காக வந்தன. வட்டத்துக்குப் பத்தடி முன்னால் இரண்டும் வலப்பக்கம் ஒதுங்கி, வட்டத்தைச் சுற்றிக்கொண்டு, மறுபடி பழைய வழியில் சேர்ந்தன. வட்டத்துக்குள் இருந்த சல்லியோ நேற்றுப் போட்ட மாதிரி கறுப்பாகவே இருந்தது.

"அலாமாக்! நாலு வருஷமா இதுமேல ஒரு வண்டியும் ஏறலைங்க!"

"ஏறேல்லை. ஏறாமலே வெடிச்சிருக்கு. பத்து நாளைக்கு முன்னம் ஒரே ஒருத்தன் ஏறினான். ஆர் அவன்?"

சோமசேகரம் தொண்டையைச் செருமினார். "அண்டைக்கு எங்கட டிரைவருக்குக் காய்ச்சல். பத்து பகாட் டவுனிலையிருந்து ஒரு சீன டிரைவரைக் கூப்பிட்டனாங்கள். முதல் நாள் வேலை."

"அந்த டிரைவரின்ரை வாக்குமூலத்திலை என்ன கிடக்கு?"

சோமசேகரம் சட்டைப்பையிலிருந்து நகலை எடுத்தார். "பெண்கள் கத்தினார்கள். பிறகு சக்கரம் இறங்கியது."

"திரும்ப வாசியும்."

"பெண்கள் கத்தினார்கள். பிறகு சக்கரம்..." சோமசேகரம் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"விழுந்தாப் பிறகு கத்துறதுதான் வழமை," என்றார் ஐயா. "இவை விழ முதலே கத்தியிருக்கினம். லயத்திலை எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்டு, ஆபீசுக்கும் அந்த டிரைவருக்கும் தெரியாமல் இருந்திருக்கு."

நான் கருப்பாயி அக்காவைப் பார்த்தேன். அவர் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு தூரத்து ரப்பர் மரங்களைப் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. தன் புருஷனைக் காப்பாற்ற எங்களைக் கூட்டி வந்தவரும் எங்களிடம் எதையோ மறைக்கிறார்.

ஐயா ரோலர்க்காரர் சதாசிவத்திடம் போனார். ரோடு போட்ட நாளிலிருந்து அந்த ரோலர் அவர் கையில்தான்.

"ரோலர் இந்த இடத்திலை ஓடினதோ?"

"ரோடு முழுக்க ஓடிச்சுங்க."

"நான் ரோட்டைக் கேக்கேல்லை. இந்த இடத்தைக் கேட்டனான்."

சதாசிவம் பளபளவென்றிருந்த கைப்பிடியை இன்னொரு தடவை துடைக்க ஆரம்பித்தார்.

"போதும்லா அண்ணே, இன்னும் தேச்சா கைப்பிடி கரைஞ்சிரும்," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"கொத்து கொண்டு வாரும்," என்றார் ஐயா.

அப்போதுதான் அர்ச்சுனன் முதல் தடவையாக வாய் திறந்தார். "வேணாங்க ஐயா."

"ஏன்?"

"நான் திருடுனேன்னே இருக்கட்டுங்க. போயி இருந்துட்டு வரேன்."

"யோவ், பைத்தியமா ஒனக்கு?" என்று அக்கா பாய்ந்தார். "திருட்டுப் பட்டம் வாங்கிக்கிட்டுக் கப்பல் ஏறுவியா? கொத்துங்க ஐயா! இருக்கறது வெளிய வரட்டும்!"

கண்டுபிடிக்கும் நேரத்தில் ஐயாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அது வந்துவிட்டால் யார் வேண்டாம் என்றாலும் அவர் காதில் விழாது. அன்றைக்கும் விழவில்லை. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான்தான் கொத்தினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கை கூசுகிறது.

வட்டத்துக்கு வெளியே கொத்து பட்ட இடத்தில் பொறி பறந்தது. ரோலர் நசுக்கிய கல் அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே நாலு கொத்திலேயே கல் பொலபொலவென்று உதிர்ந்து கையோடு வந்தது. எல்லாம் ஈரம். ஒரு முழ ஆழத்தில் கொத்து வேறு எதிலோ மோதியது. மண்ணை ஒதுக்கினேன். இரண்டு சாண் உயரத்தில் ஒரு கல். இற்றுப்போன மஞ்சள் துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் ஒரு தேங்காய் மூடியும், கற்பூரம் எரிந்த கரியும் கிடந்தன.

வேலையாட்கள் அத்தனை பேரும் தலைப்பாகையை அவிழ்த்தார்கள்.

"முனியாண்டிங்க," என்றார் அர்ச்சுனன். "காடு வெட்டுனப்பவே நாங்க வெச்ச கல்லு. ரோட்டுக் கோடு அவரு தலைமேல வந்திருச்சு. பேத்து வெக்கணும்னா பூசாரி வந்து உத்தரவு கேக்கணும். அதுக்கு ரெண்டு நாளு ஆவும். அந்த ரெண்டு நாளு கெடைக்கல. சரின்னு மேலயே ரோட்டப் போட்டோம். ஆனா சாமி தலைமேல ரோலர எப்பிடிங்க ஏத்துறது? கையால கல்லப் பரப்பி, கட்டையால பதமாத் தட்டிவிட்டோம். தோட்டத்து வண்டியெல்லாம் ஒதுங்கித்தான் போவும். அந்த சீனரு டிரைவருக்கு யாரும் சொல்லல."

"நாங்க கத்துனோம்," என்றார் அக்கா. "ஒதுக்கு ஒதுக்குன்னு எல்லாரும் கத்துனோம். நாங்க வெளையாட்டுக்குக் கத்துறோம்னு நெனச்சுக்கிட்டு, அந்தாளு சிரிச்சுக்கிட்டே நேரா விட்டுட்டாரு. அங்கம்மா என் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தா."

ஐயா தொரைக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். தார் நல்ல தார்; திருட்டு இல்லை; வெளுத்த கோடு, கறுத்த வட்டம், டிரைவரின் வாக்குமூலம், மூன்றும் சாட்சி. சொல்லி முடித்தபோது அவர் குரலில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. நானும் அக்காவைப் பார்த்து, தப்பிச்சோம் என்கிற மாதிரி தலையாட்டினேன்.

தொரை பொறுமையாகக் கேட்டார். கடைசியில் கேட்டார்:

"ஆக, இந்த இடத்தில் ரோலர் விடவில்லை என்று இவனுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"வண்டி ஏறினால் ஆபத்து என்று தெரிந்துதான் எல்லாரையும் ஒதுக்கியிருக்கிறான்?"

ஐயா தூக்கிக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார்.

"மிஸ்டர் ஏரம்பமூர்த்தி, திருட்டு என்றால் சில மாதம் உள்ளே இருப்பான். தெரிந்தே ஒரு பொறி வைத்து, தெரிந்தே ஆபீசுக்குச் சொல்லாமல் இருந்து, ஒரு பெண் செத்திருக்கிறாள். இதற்கு எத்தனை வருஷம் என்று எனக்குத் தெரியாது. உங்கள் உதவிக்கு நன்றி."

என் தலை ஆட்டத்தை நிறுத்த எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர் இன்னும் எங்களை நம்பிக்கையோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொரை அர்ச்சுனனிடம் திரும்பித் தமிழில் அதட்டினார். "ஏன் சொல்லலே நீ? யார்ட்டேயும் ஏன் சொல்லலே?"

"சொன்னேனுங்க தொரை. ஒரு தடவ சொன்னேன்."

"யார்ட்டே?"

அர்ச்சுனன் கொப்பரையைக் கிளறினார். தார் காய்ந்துவிடப் போகிறதே என்கிற கவலை மட்டும்தான் அவருக்கு இருப்பதுபோல் இருந்தது.

"என்னட்டைச் சொன்னவர்," என்றார் ஏரம்பமூர்த்தி ஐயா.

எல்லாரும் திரும்பினோம். ஐயா அந்தக் குழியின் ஓரத்தில், கல்லைப் பார்த்தபடி நின்றார்.

"இந்த ரோட்டுக்குக் கோடு போட்டது நான்தான். இருபத்தொன்பதாம் ஆண்டு. இந்த வளைவிலை, வெயிலுக்கை ஒருத்தர் இளநீர் வெட்டித் தந்தவர். அந்த இளநீர் எனக்கு நல்ல நினைவு. அதைத் தந்துபோட்டு அவர் சொன்னதுதான் நினைவிலை இல்லாமல் போச்சு. இப்ப கல்லைக் கண்டாப் பிறகுதான் வருது. ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லி ஆபீசிலை கேளுங்கோ ஐயா எண்டவர். ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு அளவு முளையை அடிச்சிட்டுப் போனன். கூலியாள் சாமிக்கு ரெண்டு நாள் கேட்டால், அதை ஆர் கணக்கெடுத்தது?"

"நீங்களா வந்து சொல்லட்டும்னுதாங்க இருந்தேன்," என்றார் அர்ச்சுனன் மெதுவாக. குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ஐயா தொரையிடம் இங்கிலீஷில் அடித்துப் பேசினார். தோட்டத்துக்காக வந்த சர்வேயரிடம் சொன்னது தோட்டத்திடமே சொன்ன மாதிரி, அர்ச்சுனன் மறைக்கவில்லை, கோர்ட்டில் வந்து சாட்சி சொல்லத் தயார்.

"எழுத்தில் இருக்கிறதா?" என்றார் தொரை. "சர்வேயர்கள் அளவுப் புத்தகம் வைத்திருப்பார்களே. அதில் தடைகளை எழுத ஒரு பத்தியே உண்டு. நாலு மணிக்குப் போலீசிடம் அதைக் கொடுங்கள். எழுதியிருந்தால் நானே இவனுக்காகப் பேசுகிறேன்."

பிறகு அவர் காகிதத்தில் போட்ட வட்டத்தை அடித்துவிட்டு, முதல் வழியைச் சுற்றி வட்டம் போட்டார். கல்லை எடு, குழியை நிரப்பு, ஒட்டுப் போடு. மேல்தாரும் மிச்சம்.

கல்லை எடுக்க ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் அர்ச்சுனனையே எடுக்கச் சொன்னார்கள். பூசாரியும் இல்லை, உத்தரவும் இல்லை. அவர் கடப்பாரையைப் போட்டு நெம்பி, கல்லைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி, ரோட்டோரத்தில் ஆறடி தள்ளி வைத்தார். தோளில் போட்டிருந்த தன் தலைத்துண்டை எடுத்து அதற்குக் கட்டினார். சல்லி கொட்டி, தார் ஊற்றி, எல்லாம் முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நாலு வருஷத்துக்கு முன் அவர் கேட்டது இரண்டே நாள்.

சதாசிவம் ரோலரை நகர்த்தினார். ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரும்புச் சக்கரம் வட்டத்தின் மேல் ஏறி இறங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. முனியாண்டி கோபிக்கவுமில்லை, காப்பாற்றவுமில்லை.

தொரையின் கார் போன பிறகு ஐயா எங்கள் வண்டிக்கு வந்து, சீட்டிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். அது இடியப்பம் இல்லை. கறுப்பு அட்டை போட்ட பழைய நோட்டுப் புத்தகம்.

"நேற்று ராத்திரியே எடுத்து வச்சிட்டன்," என்றார். "இந்த ரோட்டிலை ஏதும் சிக்கல் இருந்திருந்தால் எழுதியிருப்பன் எண்டு ஒரு நம்பிக்கை. திறந்து பாக்கத்தான் துணிவு வரேல்லை."

அவர் பக்கத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். நானும் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். தோட்டத்துப் பள்ளியில் படித்த என் இங்கிலீஷுக்கே புரிகிற மாதிரி, மணிமணியான எழுத்தில் ஒரே வரி.

"ஐயா, கொப்பரை இன்னும் கொதிக்குது," என்றேன் காதோடு. "புஸ்தகம் கை தவறி உள்ள விழுந்துருச்சுன்னு சொல்லிக்கலாம்." அன்றைக்கு நான் சொன்னதில் விளையாட்டில்லாத பேச்சு அது ஒன்றுதான்.

"போட்டால் என்னட்டை வெறும் வாய்ச்சொல்தான் மிஞ்சும். புத்தகம் எங்கை எண்டு முதல் கேள்வியே கேப்பினம். காட்டினால் என்ரை வாய்ச்சொல்லும் பொய்யாப் போம்." மற்றவர்கள் பொய்யை எழுத்தை வைத்து உடைத்தே பேர் வாங்கிய மனிதர் அவர்.

கருப்பாயி அக்கா எங்களிடம் வந்தார். கையில் அர்ச்சுனனுக்குக் கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பொட்டலம். தூரத்தில், ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து, ஒரு வண்டி கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

"கிராணி ஐயா சொன்ன அந்தப் புஸ்தகந்தானுங்களா?" என்றார். "எங்க வீட்டுக்காரரு சொன்னது அதுல இருக்குதுங்களா ஐயா? எனக்குப் படிக்கத் தெரியாது. தம்பி, நீ கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு, முனியாண்டிக் கல் இருந்த பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"வாசியும் கனகராஜ். தமிழிலை சொல்லும். அவவுக்கு விளங்கவேணும்."

பத்து வரி இருந்திருந்தால் நடுவில் எதையாவது மழுப்பியிருப்பேன். இருந்ததே ஒரு வரி. வாசித்தேன்.

"ஏழாவது வளைவு. தடை எதுவும் இல்லை."